மகள் கொழுந்து நிறுக்கச் சொன்ன நாள்

என் மகளை ஒரே ஒரு தடவை பார்த்த ஞாபகம்தான் எனக்கு இருந்தது. பத்து மாதம் சுமந்து பெற்று, ஐந்தரை வயது வரை குளிப்பாட்டித் தலை சீவி விட்டவள் நான்தான். எங்கள் ஊர் தெல்தோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அதெல்லாம் மற்றவர்கள் சொல்லி நான் தெரிந்துகொண்டது. நானே கண்டதாக என்னிடம் இருந்தது ஒரு பின்னேரம் மட்டும்தான், மிஞ்சிப் போனால் ஒரு கால் மணி நேரம்.

டவுனுக்குச் சற்றுக் கீழே எங்கள் வீடு. முன்வாசலில் குரோட்டன் செடிகள் வரிசையாக நிற்கும். அன்று தூறல். மகளுக்கு அப்போது நாலு வயது. தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களைப் போல, நான் டீச்சர் வேலைக்குக் கொண்டு போகும் பையின் வாரை நெற்றியில் மாட்டிப் பையை முதுகில் தொங்கவிட்டிருந்தாள். தலையில் ஓர் உரப்பையைக் கவிழ்த்திருந்தாள். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, குரோட்டன் இலைகளைக் கிள்ளிக் கிள்ளி முதுகுக்குப் பின்னால் எறிந்துகொண்டிருந்தாள். பாதி இலை பைக்குள் விழுந்தது, பாதி சேற்றில் விழுந்தது. பிறகு படியேறி வந்து, "நிறு" என்றாள். நான் பையை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, "பன்னெண்டு கிலோ" என்றேன். அவள் அதோடு விடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "தண்ணிக்கு எத்தன கிலோ கழிப்ப?" என்று கேட்டாள். மழை நாளில் ஈரக் கொழுந்துக்கு நிறையில் கழிப்பார்கள். அதற்காகத் தராசுக்குப் பக்கத்தில் நின்று பெண்கள் சண்டை போடுவார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அக்காமார் பேசியதை எங்கேயோ கேட்டு வைத்திருக்கிறாள். "ரெண்டு" என்றேன். "ஒன்னு" என்றாள். சரி, ஒன்று என்று முடிந்தது. வாரைக் கழற்றியபோது நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

அவ்வளவுதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எனக்கென்று இருந்த மகள் அவள்தான். அந்தக் கால் மணி நேரத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இடையில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் அப்படிப்பட்ட பிறவி.

என் வியாதி பழையது. ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து அரை மணி நேரத்துக்கு மேல் வலிப்பு இழுத்ததாம். பிறகு சில வருஷம் சும்மா இருந்துவிட்டுப் பதினோரு வயதில் திரும்பி வந்தது. அப்பா தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். மற்ற இடங்களில் சாவிக்கொத்தைக் கொடுப்பார்கள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பூட்டே கிடையாது, சாவிக்கு எங்கே போவது? அப்பாவின் கைக்குக் கிடைத்தது கவ்வாத்துக் கத்தி. அதைக் கொடுத்தார், நானும் நன்றாகத்தான் பிடித்தேன். உள்ளங்கையில் ஐந்து தையல். அப்பா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாராம். எங்கள் ஆட்களின் அன்பு அந்த மாதிரி. குறை சொல்லவும் முடியாது, தாங்கவும் முடியாது.

விழுந்து இழுப்பது வருஷத்துக்கு நாலைந்து தடவைதான். மற்றதுதான் அடிக்கடி வரும். அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலே ஏறும். உடனே, இப்போது நடப்பதெல்லாம் முன்பே நடந்தது போல இருக்கும். எதுவுமே ஞாபகமில்லாத எனக்கு அந்த அரை நிமிஷம் மட்டும் எல்லாமே ஞாபகம் வந்துவிட்டது போலத் தோன்றும். அப்புறம் ஆள் இருக்க மாட்டேன். கண் திறந்திருக்கும், வாய் எதையோ மெல்லும், வலது கை சேலைக் கொசுவத்தைக் கிள்ளிக்கொண்டிருக்கும். "நின்னுக்கிட்டே கொழுந்து எடுக்குறா" என்று அம்மா சொல்வாராம். நான் டீச்சரான பிறகு என் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு வேறு பேர் வைத்தார்கள். "டீச்சருக்குக் கரண்ட் போயிருச்சு" என்பார்கள். கரண்ட் வரும் வரை சத்தம் போடாமல் காத்திருப்பார்கள். வந்ததும் விட்ட இடத்தைச் சொல்லித் தருவார்கள். அந்தப் பிள்ளைகள்மீது எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

என்னைக் கட்டியவர் என் மாமா மகன். வியாதி தெரிந்துதான் கட்டினார். கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. விடியற்காலை பஸ்ஸில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு வந்து சேருவார். பேச்சுக் குறைவு. பொய் சுத்தமாக வராது. கடைக்கு வருகிறவர்கள் ஒரு குழாயைக் காட்டி, "இது நல்லதா?" என்று கேட்டால், "இல்லீங்க, ஒரு வருசத்துல ஒழுகும்" என்பார். அதற்கே முதலாளியிடம் நாள் தவறாமல் திட்டு வாங்குவார். இப்படி ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்துவது லேசில்லை. புதுச் சேலை கட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்கவே பயமாக இருக்கும்.

மகளுக்கு டெங்கு வந்தது. கண்டிக்குக் கொண்டு போனோம். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

இதை நான் இத்தனை சுருக்கமாகச் சொல்வதற்குக் காரணம் கல்மனசு இல்லை. எனக்குத் தெரிந்ததே இவ்வளவுதான். சேதி சொன்ன இடத்திலேயே நான் விழுந்தேனாம். ஒரு வலிப்பு முடிந்து கண் திறப்பதற்குள் அடுத்தது. ஒரு மணி நேரம் அப்படியே போனதாம். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்ததும், மண்ணுக்குள் வைத்ததும் நான் வார்டில் கிடந்தபோது நடந்தவை. எல்லாம் முடிந்து பதினோராம் நாள்தான் வீட்டுக்கு வந்தேன்.

வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கொடியில் கவுன் இல்லை. செருப்பு இல்லை. சுவரில் ஆணி இருந்தது, படம் இல்லை. அலுமாரியைத் திறந்தேன், அவள் தட்டில் என் சேலைகளை மடித்து வைத்திருந்தார்கள். அவருடைய அம்மா, என் மாமிதான் முன்னால் நின்று செய்திருக்கிறார். "பாத்தா ஒனக்கு மறுபடி இழுக்கும் புள்ள. அதான் ஒன்னும் மிச்சம் வைக்கல. எல்லாத்தையும் ஆத்துல விட்டாச்சு" என்றார். செத்த பிள்ளையின் சாமானைக் கண்டால் பெற்றவளுக்கு வலிப்பு வரும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றிருக்கிறார்கள். பிறந்தபோது கொடுத்த கிளினிக் அட்டை, ஸ்டூடியோவில் எடுத்த படம், அவள் கிறுக்கிய கொப்பி, ஒன்றையும் விடவில்லை. என் கணவரின் போனில் இருந்த படங்களைக் கூட, சின்ன மைத்துனனைக் கூப்பிட்டு அழித்திருக்கிறார்கள். அவர் தடுக்கவில்லையா என்று கேட்டேன். "நீ வார்டுல கெடந்த. நீயாச்சும் மிஞ்சணும்னு பாத்தேன்" என்றார்.

மாமி கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்த ஆற்றங்கரையில் இருந்து அவரைக் கைத்தாங்கலாகத்தான் கூட்டி வந்தார்களாம். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது. கத்தியை எடுத்துக் கையில் கொடுத்த அதே வைத்தியம்தான் இதுவும்.

படம் இல்லாவிட்டால் என்ன, மனதில் இருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கண்ணை மூடினேன். பிள்ளைக்குப் பருப்பு பிடிக்கும், கத்தரிக்காய் பிடிக்காது என்று தெரிந்தது. இடது காதுக்குப் பின்னால் மச்சம் என்று தெரிந்தது. எந்த வயதில் நடந்தாள் என்று தெரிந்தது. ஆறுகளின் பேரும் மாகாணங்களின் பேரும் தெரிவது போலத் தெரிந்தது. ஆளை மட்டும் காணவில்லை. அவள் பருப்பு சாப்பிடுவதை நான் காணவில்லை, நடந்ததைக் காணவில்லை. மடியில் இருந்த பாரம் கூட நினைவில்லை. தெரிந்தவர் வீடு வீடாகப் போய்ப் படம் கேட்டேன். முன்பள்ளி டீச்சர் வருஷக் கடைசியில்தான் படம் எடுப்பாராம், பிள்ளை வருஷக் கடைசி வரை இருக்கவில்லை. ஒரு சொந்தக்காரர் கல்யாண ஆல்பத்தில் அவளுடைய பின்தலை கிடைத்தது. இரண்டு சடை, ஒரு ரிப்பன் அவிழ்ந்திருந்தது. அந்த ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி, அவள் திரும்பிப் பார்த்த இன்னொரு படம் இருக்காதா என்று தேடினேன்.

அந்த முதல் மாதங்கள் குழம்பிக் கிடக்கின்றன. அழுதேன், தலையில் அடித்துக்கொண்டேன், குளிசை போட்டுத் தூங்கினேன். குரோட்டன் இலை பறித்த அந்தப் பின்னேரம் எனக்குள் இருப்பதை எந்த நாளில் கண்டுபிடித்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் அது இருந்தது. கண்ணை மூடினால் தூறல், ஈர உரப்பையின் காரமான மணம், மாற்றிப் போட்ட செருப்பு எல்லாம் வந்தன. அதைத் தினமும் பார்த்தேன். என் கணவரிடம் சொன்னேன், பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்டு அலுத்தவர்கள் நான் தொடங்கினாலே எழுந்து போனார்கள். போகட்டும்.

கண்டியில் கிளினிக்கில் எனக்கு ஒரு டாக்டரம்மா கிடைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் ஞாபகத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பெண் பதினைந்து சொற்களை வாசித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கேட்டாராம். பதின்மூன்று சொன்னேனாம். நல்ல ஞாபகம் என்று எழுதிக்கொண்டாராம். மூன்று வாரம் கழித்துப் போனபோது அந்தச் சொற்களைக் கேட்டார்கள். சொற்கள் கிடக்கட்டும், அப்படி ஒரு பெண் என்னிடம் பேசியதே எனக்கு நினைவில்லை. அன்று முதல் நடந்ததையெல்லாம் இரவில் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன், இனிச் சொல்வது அதைப் பார்த்துத்தான்.

டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். "ஒரு ஞாபகம் ஒரே இடத்தில கிடக்கிறேல்லை டீச்சர். கண்டது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம், மணம் வேறொரு பக்கம் எண்டு மூளை முழுக்கப் பிரிஞ்சு கிடக்கும். நாங்கள் நினைக்கேக்கை அதையெல்லாம் ஒண்டாக் கூப்பிட ஒரு இடம் இருக்கு. காதுக்கு நேரே உள்ளுக்கை. உங்களுக்குச் சின்ன வயசுக் காய்ச்சலில அந்த இடத்தில தழும்பு விழுந்திட்டுது."

"அப்படின்னா படிச்சதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கு டாக்டர்?"

"திரும்பத் திரும்பப் படிச்சது வேற வழியாலயும் போய் நிண்டிடும். ஒருக்கா மட்டும் நடந்ததுக்கு அந்த வழி இல்லை. வலிப்பு வராத நேரத்திலயும் அந்த இடத்தில மின்பொறி பறந்துகொண்டிருக்கும், நித்திரையில கூட. பகலில கண்டது நிரந்தரமாப் பதியிறதே நித்திரையிலதான். உங்களுக்கு அது பதிய முதலே குழம்பிப் போகுது. கடைசியா வந்த பெரிய வலிப்பு, பதிஞ்சு இருந்ததையும் கெடுத்திருக்கு."

"அப்ப என் புள்ளையோட முகம் எனக்குள்ள எங்கயாச்சும் இருக்குமா?"

"துண்டு துண்டாக் கிடக்கலாம். ஒண்டாச் சேர்க்க ஆள் இல்லை" என்றார்.

எனக்குப் பள்ளிக்கூட மணிதான் நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் எல்லாம் வந்திருக்கிறார்கள், அந்தந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். மணி உடைந்துவிட்டதால் ஒருவரும் முற்றத்துக்கு வருவதில்லை. அப்படியென்றால் என் மகள் எனக்குள்ளேயே எங்கோ உட்கார்ந்திருக்கிறாள். அன்று திரும்பி வரும் பஸ்ஸில் ஹந்தானைச் சரிவைத் தாண்டும் வரை அழுதேன். என் கணவர் சீட் கிடைக்காமல் முன்னால் நின்றார், பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் எதுவும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் டாக்டரம்மா ஆப்பரேஷனைப் பற்றிச் சொன்னார். கொழும்பில் செய்யலாம், தழும்பு விழுந்த பகுதியை எடுத்துவிட்டால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"என்கிட்ட இருக்கிற அந்த ஒன்னு இருக்குமா?"

"உறுதி தரமாட்டன். அது மூளையின்ர இடப் பக்கம், ஞாபகத்துக்கு முக்கியமான பக்கம். இருக்கவும் கூடும், மங்கவும் கூடும். செய்யாமல் விட்டாலும் ஒரு பெரிய வலிப்பில போகலாம். உங்கட உயிரும் போகலாம்."

"உயிர் போனா போகட்டும் டாக்டர். அதோட சேர்ந்து போவேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். வெளியில் என் கணவர் நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். அடுத்த இரண்டு வருஷமும் எத்தனையோ பேர் வந்து புத்தி சொன்னார்கள். நான் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பினேன். என் பிள்ளை உள்ளே இருக்கும் இடத்தில் கத்தி வைப்பதா? வலிப்பு கூடிக்கொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் படியில் விழுந்து இரண்டு பல் போயிற்று. நான் அசைந்து கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பானை கையில் இருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி கழுத்திலிருந்து இடது முழங்கை வரை கொட்டியிருக்கிறது. வெளியில் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவர் பானை உருளும் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார். நான் கொதிகஞ்சிக்குள் நின்றபடி சேலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேனாம். கத்தவில்லையாம். நான் கத்தாததுதான் அவருக்கு ஈரக்குலையை நடுக்கியதாம். ஒரு மாதம் கண்டி வார்டில் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் அவர்தான் மருந்து பூசுவார். ஒரு நாள் பூசிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அது நடக்கல புள்ள."

"எது?"

"கொழுந்து நிறுக்கச் சொன்னது. அது நான் கட்டுன கதை."

எனக்கு விளங்கவில்லை. அவர் கையில் இருந்த களிம்பை மூடி வைத்தார்.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்து ஒன்னுமே தெரியலன்னு நீ தலையில அடிச்சிக்கிட்டு அழுத. பாக்க முடியல. ஏதாச்சும் ஒன்னு இருக்கட்டும்னு நானா ஒரு கதை சொன்னேன். தெனம் சொன்னேன். கொஞ்ச நாள்ல நீயே பாத்த மாதிரி திருப்பிச் சொன்ன. சந்தோசமா இருந்தியேன்னு விட்டுட்டேன். அதுக்காக நீ வெந்து சாவப் போறேன்னா நான் சும்மா இருக்க முடியாது."

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. களிம்புப் போத்தலை எடுத்து அவர்மேல் எறிந்தேன். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. கேட்டுக்கொண்டு நின்றார். அன்று முதல் அவரோடு பேசவில்லை. சோறு போட்டு வைப்பேன், பேச மாட்டேன். அவர் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை நினைப்பேன். ஆனால் குழாய் ஒழுகும் என்று முகத்துக்கு நேரே சொல்கிற மனுஷன், பொய் சொல்லத் தெரியாத மனுஷன், இதில் போய்ப் பொய் சொல்வாரா? அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் முகமாகத்தான் இருந்தது. எந்தப் பொய் என்று யோசிக்க எனக்கு அப்போது மூளை ஓடவில்லை.

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். கேட்ட கதையைக் கண்டதாக நினைக்க முடியுமா என்று. "ஓம் டீச்சர், அது எல்லாருக்கும் நடக்கிறது. ஒவ்வொரு முறை நினைக்கேக்கையும் மூளை அதைப் புதுசாக் கட்டுது. மணம், நிறம் எல்லாம் தானே சேர்த்துக்கொள்ளும். உங்களுக்கு அது இன்னும் லேசா நடக்கலாம்" என்றார். அவர் தெரிந்ததைச் சொன்னார். அவர்மேல் தவறில்லை.

அன்றே கையெழுத்துப் போட்டேன். இல்லாத பிள்ளையைக் காப்பாற்ற எவள் வெந்து சாவாள்?

ஆப்பரேஷன் நன்றாக நடந்தது. மொட்டை போட்ட இடத்தில் மயிர் முளைத்தது. மாதங்கள் போயின, வலிப்பு வரவில்லை. கரண்ட் போகவே இல்லை. வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பயல்களுக்கு ஒரு ஓய்வு போச்சே. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகத் தனியாக பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். கடை வாசலில் போய் நின்றேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று தெருவை எட்டிப் பார்த்தார். "யாரும் இல்ல, நான்தான் வந்தேன்" என்றேன். முதலாளியிடம் கூடக் கேட்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய் முறுக்கும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தார். அன்றுதான் அவரோடு மறுபடி பேசத் தொடங்கினேன்.

அந்தப் பின்னேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்பரேஷனுக்குப் பிறகு ஒரு நாள் பழக்கத்தில் கண்ணை மூடிப் பார்த்தேன். சொற்கள் வந்தன. உரப்பை, செருப்பு, பன்னிரண்டு கிலோ, சிவப்புக் கோடு எல்லாம் வரிசை தவறாமல் வந்தன. எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், வாய்க்கு மனப்பாடம். ஆனால் வாசல் வரவில்லை, மழை வரவில்லை, அவள் வரவில்லை. மேலே நான் எழுதியிருப்பதும் அந்த மனப்பாடம்தான். எழுதும்போது என் கண்ணுக்குள் ஒன்றும் தெரியவில்லை. அப்போது பெரிதாகத் துக்கப்படவும் இல்லை. பொய்தானே, போனால் போகட்டும் என்று இருந்தேன்.

ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். அவர் பின்பக்கம் குழாய்க்கு வாஷர் போட்டுக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்து பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். மனம் லேசாக இருந்தது. அவரைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கத் தோன்றியது.

"ஒங்களுக்கு இவ்வளவு நல்லாக் கத கட்ட வரும்னு எனக்குத் தெரியாமப் போச்சே. தண்ணிக்கு எத்தன கிலோ கழிப்பன்னு புள்ள கேட்டுச்சாம். எங்கருந்து புடிச்சீங்க அத?" என்றேன்.

அவர் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கோவத்துல கேக்கலங்க. நெசமாத்தான் சொல்றேன். எனக்கு இப்ப ஒன்னுமே இல்ல. பொய்யா இருந்தாலும் பரவாயில்ல, இன்னொன்னு கட்டிச் சொல்லுங்க. பள்ளிக்கொடம் போன மாதிரி ஒன்னு, மருதாணி வச்ச மாதிரி ஒன்னு. நான் நம்பிக்கிறேன்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். நான் உடைத்த பயற்றங்காயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு வரல புள்ள" என்றார்.

"முந்தி வந்திச்சே."

"வரல. எனக்கு ஒன்னும் கட்ட வராது. வந்திருந்தா தெனம் ஒன்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

அவர் தோள் குலுங்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. பயற்றங்காய்ச் சுளகு மடியிலிருந்து சரிந்து விழுந்தது. அந்த மனுஷன் தன் வாழ்நாளில் சொன்னது ஒரே ஒரு பொய். "அது நடக்கல புள்ள" என்றாரே, அதுதான் அந்தப் பொய். என்னை நம்ப வைத்து, என் தலையைத் திறக்க வைத்தார். நான் கையெழுத்துப் போட்டது என் பிள்ளையை எடுத்து வெளியே போடுவதற்கு.

"நீ செத்துப் போவன்னு பயந்தேன்" என்றார். "அவளும் போயி நீயும் போனா நான் என்னா செய்வேன்?"

நான் கத்தவில்லை. உயிரோடு இருக்கிறேன், தனியாக பஸ்ஸில் போகிறேன், கொதிக்கும் பானையை இறக்குகிறேன். எல்லாம் அவர் போட்ட பிச்சை. அதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை. ஒரு நாளைக்கு மன்னிப்பேனா என்றும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறொன்று அவசரமாக இருந்தது. அவர் கண்டிருப்பாரே, அவரிடம் இருக்குமே.

"நீங்க பாத்தீங்கதானே? சொல்லுங்க. நீங்க பாத்தத சொல்லுங்க."

"நான் எங்க பாத்தேன்? அன்னைக்கு நான் கடையில. வீட்டுல நீயும் அவளும் மட்டுந்தான். நான் வந்ததும் வாசல்லயே நிக்க வச்சி நீதான் சொன்ன. உரப்பை, செருப்பு, தண்ணிக்குக் கழிச்சது எல்லாம் சொன்ன. சொல்லி முடிக்க முடியாம சிரிச்ச. நான் வர்றதுக்குள்ள அவ தூங்கிட்டா."

"ஒரு கிலோன்னு நான் ஒத்துக்கிட்டப்ப அவ சிரிச்சாளா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு அது நல்ல சந்தர்ப்பம்.

"நீதான் சிரிச்ச. அவ சிரிச்சாளான்னு நீ சொல்லல புள்ள" என்றார்.